படம் முடிந்த இடத்தில் வரலாறு முடியவில்லை: ஏர் டெக்கான் எழுந்ததும் விழுந்ததும்

பதிவு கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள், இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் 'சூரரைப் போற்று' போட்டார்கள். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். முடிந்ததும், "தாத்தா, அந்த ஏரோப்ளேன் கம்பெனி இப்போ எங்க இருக்கு? நாம அதுல போலாமா?" என்று கேட்டாள். "இல்லை கண்ணு, அந்தக் கம்பெனி இப்போ இல்லை" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. "ஜெயிச்சுட்டாங்கல்ல, அப்புறம் எப்படி இல்லாமப் போகும்?" என்றாள்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் வரலாறு நடத்தியவனுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. படம் வெற்றியில் முடியலாம். வரலாற்றுக்கு அந்த வசதி இல்லை. அவளுக்கு அன்று சொன்னதைக் கொஞ்சம் விரித்து உங்களுக்கும் சொல்கிறேன். கடைசியில் உங்களில் ஒருவரிடம் நான் சொல்ல வேண்டிய ஒரு விஷயமும் இருக்கிறது.

முதலில் பின்னணி. 1932 அக்டோபர் 15ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு ஒரு சின்ன விமானத்தை ஓட்டி வந்தார். இந்தியாவில் விமானத் தொழில் அப்படித்தான் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு பல தனியார் கம்பெனிகள் வந்தன, நஷ்டத்தில் தடுமாறின. 1953இல் அரசு ஒரு சட்டம் போட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ், வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா. அடுத்த நாற்பது ஆண்டுகள் வானம் அரசாங்கத்துடையது. பெரிய அதிகாரிகள், முதலாளிகள், சினிமாக்காரர்கள் போனார்கள். நாம் அண்ணாந்து பார்த்தோம்.

1991க்குப் பிறகு கதவு கொஞ்சம் திறந்தது. ஈஸ்ட் வெஸ்ட், தமானியா, மோடிலுஃப்ட் என்று வரிசையாக வந்தார்கள். நம் சென்னையிலிருந்து என்.இ.பி.சி. என்ற கம்பெனியும் வந்தது. காற்றாலை செய்து விற்றவர்கள் அவர்கள். 1995இல் தமானியாவையே விலைக்கு வாங்கினார்கள், 1997இல் அவர்களுடைய விமானங்களும் தரையிறங்கிவிட்டன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஜெட், சகாரா தவிர ஏறக்குறைய எல்லாரும் காணாமல் போனார்கள். ஆகவே 2003இல் ஒருவர் புதிதாக விமான கம்பெனி ஆரம்பிக்கிறேன் என்றபோது புத்தியுள்ளவர்கள் சிரித்ததில் ஆச்சரியம் இல்லை.

அந்த ஒருவர் கேப்டன் ஜி.ஆர். கோபிநாத். படத்தில் மதுரைப் பக்கத்துப் பையனாகக் காட்டினார்கள். உண்மையில் அவர் கர்நாடகத்தில் ஹாசன் மாவட்டத்துக் கொரூர்க்காரர், ஒரு பள்ளி ஆசிரியரின் மகன். பிஜாப்பூர் சைனிக் பள்ளியில் படித்து ராணுவத்தில் சேர்ந்து 1971 போரைப் பார்த்தவர். எட்டு ஆண்டுகளில் ராணுவத்தை விட்டு ஊருக்கு வந்துவிட்டார். குடும்ப நிலம் ஹேமாவதி அணையில் மூழ்கிப்போயிருந்தது. பதிலுக்கு வேறோர் இடத்தில் கொடுத்த வறண்ட பூமியில் கூடாரம் போட்டுக்கொண்டு விவசாயம் பார்த்தார். பட்டுப்பூச்சி வளர்த்தார். இயற்கையோடு ஒத்துப்போகும் பட்டு வளர்ப்புக்காக 1996இல் அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. நம் தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு வந்து போகிற உங்களுக்கு அதன் பாடு தெரியும்.

1997இல் ராணுவ நண்பர் கேப்டன் சாமுவேலோடு சேர்ந்து ஹெலிகாப்டர் வாடகைக்கு விடும் கம்பெனி தொடங்கினார். அதன் அடுத்த கட்டம்தான் 2003 ஆகஸ்டில் பறக்கத் தொடங்கிய ஏர் டெக்கான். 48 பேர் உட்காரும் ஏ.டி.ஆர். என்ற சின்ன விமானங்கள், இறக்கையில் விசிறி சுற்றுமே அந்த வகை. ஹூப்ளி, மங்களூர், விஜயவாடா மாதிரி ஊர்களுக்குப் போனது. ஆர்.கே. லட்சுமண் வரைந்த 'சாமானிய மனிதர்', அதாவது வேட்டியும் கட்டம் போட்ட கோட்டும் மூக்குக் கண்ணாடியுமாக நிற்கும் அந்தப் பெரியவர்தான் கம்பெனியின் சின்னம்.

தொடக்கமே சரியில்லை. ஹைதராபாத்திலிருந்து விஜயவாடாவுக்கு முதல் விமானம். வெங்கையா நாயுடு உள்ளிட்ட பெரிய தலைவர்கள் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். விமானம் தரையிலிருந்து கிளம்புமுன்பே ஒரு இன்ஜினில் தீ. நல்லவேளை, எல்லாரும் பத்திரமாக இறங்கினார்கள். வேறொருவராக இருந்தால் அன்றே கடையைச் சாத்தியிருப்பார். இவர் அடுத்த நாளைக்கு அட்டவணை போட்டார்.

இனி, விலை எப்படிக் குறைந்தது என்று பார்ப்போம். சமூக அறிவியல் வகுப்பில் பொருளாதாரப் பாடம் தூங்குகிற பாடம். அதனால் பாலக்கோடு தக்காளி மண்டியை வைத்துச் சொல்கிறேன்.

தக்காளியைப் பறித்துவிட்டால் வைத்திருக்க முடியாது. இன்று விற்காதது நாளை குப்பை. விமான இருக்கையும் அப்படித்தான். விமானம் கிளம்பிவிட்டால் காலி இருக்கையை நாளைக்கு விற்க முடியாது. ஆகவே காலியாகப் போவதைவிட ஐந்நூறு ரூபாய்க்காவது விற்பது லாபம். முன்கூட்டியே வாங்குபவருக்கு மலிவு, கடைசி நேரத்தில் வருபவருக்கு விலை அதிகம். ஒரு ரூபாய் டிக்கெட் என்று விளம்பரம் வந்தது ஞாபகம் இருக்கிறதா? எல்லா இருக்கையும் ஒரு ரூபாய் அல்ல, சில இருக்கைகள் மட்டும். ஆனால் அந்தச் செய்தி டீக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

அது மட்டும் போதாது, செலவையும் குறைக்க வேண்டும். சாப்பாடு கிடையாது, தண்ணீர் வேண்டுமானாலும் காசு. அச்சடித்த டிக்கெட் கிடையாது, இணையத்திலோ தொலைபேசியிலோ பதிவு செய்து ஒரு காகிதத்தோடு வர வேண்டியதுதான். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பாகுபாடு இல்லை. விமானம் இறங்கியதும் அதிக நேரம் நிற்காமல் மறுபடி கிளம்ப வேண்டும். நம்ம டவுன் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாதிரிதான், ஆள் இறங்கி ஆள் ஏறியதும் விசில்.

இந்த யோசனை அவர் கண்டுபிடித்ததல்ல, அவரும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. அமெரிக்காவில் சவுத்வெஸ்ட், ஐரோப்பாவில் ரையனேர், ஈஸிஜெட் என்று ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார்கள். ரையனேர், ஈஸிஜெட்டுக்கெல்லாம் முன்னால் கடல் கடந்த நீண்ட தூரப் பயணத்திலேயே இதைச் செய்து பார்த்தவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் ஃபிரெடி லேக்கர். 1966இல் சொந்தமாக லேக்கர் ஏர்வேஸ் தொடங்கினார். ஆறு ஆண்டுகள் போராடி அனுமதி வாங்கி, 1977 செப்டம்பரில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் 'ஸ்கைட்ரெயின்' விட்டார். முன்பதிவு இல்லை, ரயிலுக்கு நிற்பதுபோல வரிசையில் நின்று 59 பவுண்டுக்கு டிக்கெட் வாங்கலாம். சாதாரண ஜனங்கள் அட்லாண்டிக் கடலைத் தாண்டினார்கள். அரசி அவருக்கு 'சர்' பட்டம் கொடுத்தார்.

பிறகு என்ன நடந்தது? புது விமானங்கள் வாங்க டாலரில் பெரும் கடன் வாங்கினார். பவுண்டின் மதிப்பு இறங்கியது, கடன் ஏறியது. எரிபொருள் விலையும் ஏறியது. 1979இல் சிகாகோவில் நடந்த ஒரு விபத்துக்குப் பிறகு டி.சி.10 வகை விமானங்களைப் பல வாரங்கள் பறக்க விடவில்லை, இவரிடம் இருந்ததும் அதே வகை. பெரிய கம்பெனிகள் இவருடைய கட்டணத்துக்குச் சமமாகத் தங்கள் கட்டணத்தை இறக்கின. 1982 பிப்ரவரி 5ஆம் தேதி லேக்கர் ஏர்வேஸ் மூடப்பட்டது. கம்பெனி விழுந்த பிறகு, அதில் பயணம் செய்த ஜனங்கள் அவரைக் காப்பாற்ற வேண்டும் என்று காசு அனுப்பினார்கள். வங்கிகள் கைவிட்ட பிறகு பயணிகள் காசு அனுப்பிய கம்பெனி வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

லேக்கரின் கதையை வைத்துக்கொண்டு ஏர் டெக்கானைப் பாருங்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, வேறொரு நாட்டில், கிட்டத்தட்ட அதே பாடம்.

ஏர் டெக்கான் மிக வேகமாக வளர்ந்தது. 180 இருக்கை கொண்ட ஏர்பஸ் 320 விமானங்கள் வந்தன. நான்கே ஆண்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள், அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள். பல ஊர்களுக்கு வேறு யாருமே போகாத காலம் அது. அந்த வேகத்துக்கு விமானிகளும் இன்ஜினியர்களும் கிடைக்கவில்லை, தாமதமும் ரத்தும் கூடின. பத்திரிகைகள் கிண்டல் செய்தன.

அதற்குள் போட்டியாளர்கள் வந்துவிட்டார்கள். 2005 மே மாதத்தில் கிங்ஃபிஷரும் ஸ்பைஸ்ஜெட்டும், அந்த ஆண்டு இறுதியில் கோ ஏர், 2006 ஆகஸ்டில் இண்டிகோ. எல்லாரும் ஒரே நேரத்தில் விலையைக் குறைத்தார்கள். மறுபடியும் பாலக்கோட்டுக்கு வாருங்கள். எல்லாரும் ஒரே பருவத்தில் தக்காளி போட்டால் என்ன ஆகும்? லாரி நிறையச் சரக்கு இருக்கும், பறிகூலிகூடக் கிடைக்காது. சாலையோரம் கொட்டிவிட்டு வருவோம். விமானங்கள் நிறைந்துதான் பறந்தன, ஒவ்வொரு பறப்பிலும் நஷ்டம் கூடியது. விமான எரிபொருளுக்கு நம் மாநிலங்கள் போடும் வரியும் சேர்ந்து, இந்தியாவில் அந்தச் செலவு மற்ற நாடுகளைவிட அதிகம்.

2006 மே மாதம் பங்குகளை வெளியிட்டார்கள். அதே நேரத்தில் பங்குச்சந்தை சரிந்தது. விலையைக் குறைத்து, நாளை நீட்டித்துத்தான் பங்குகளை விற்க முடிந்தது. 2007இல் கையிருப்பு கரைந்த நிலையில் விஜய் மல்லையாவின் யு.பி. குழுமம் 26 விழுக்காட்டுப் பங்கைச் சுமார் 550 கோடி ரூபாய்க்கு வாங்கியது.

மல்லையாவுக்கு ஏன் இந்த மலிவு விமானம் தேவைப்பட்டது? இங்கே ஒரு சட்டம் வருகிறது. கவனியுங்கள், வரலாற்றில் பல முடிவுகளுக்குப் பின்னால் இப்படி ஒரு சின்ன விதி ஒளிந்திருக்கும். அப்போது இந்திய கம்பெனி ஒன்று வெளிநாட்டுக்குப் பறக்க வேண்டுமானால், உள்நாட்டில் ஐந்து ஆண்டுகள் ஓட்டியிருக்க வேண்டும், இருபது விமானங்கள் வைத்திருக்க வேண்டும். 2005இல் ஆரம்பித்த கிங்ஃபிஷர் 2010 வரை காத்திருக்க வேண்டும். 2003இல் ஆரம்பித்த டெக்கானுக்கோ 2008 ஆகஸ்டிலேயே ஐந்து ஆண்டு நிறைந்துவிடும். இரண்டையும் இணைத்தார்கள். சட்டப்படி கிங்ஃபிஷர்தான் டெக்கானுக்குள் சேர்ந்தது, பிறகு டெக்கானின் பெயரை கிங்ஃபிஷர் என்று மாற்றிவிட்டார்கள். 2008 செப்டம்பரில் பெங்களூரிலிருந்து லண்டனுக்கு கிங்ஃபிஷர் பறந்தது.

சாமானிய மனிதர் சின்னத்தை எடுத்துவிட்டு மீன்கொத்தியை வரைந்தார்கள். ஏர் டெக்கான் முதலில் 'சிம்ப்ளிஃப்ளை டெக்கான்' ஆகி, பிறகு 'கிங்ஃபிஷர் ரெட்' ஆகியது. 2011இல் அந்த மலிவுச் சேவையையும் நிறுத்துவதாக அறிவித்தார்கள். 2012 அக்டோபரில் கிங்ஃபிஷரே நின்றது. பல மாதச் சம்பளம் வராமல் ஊழியர்கள் தெருவில் நின்றார்கள். வங்கிகளுக்குப் பல ஆயிரம் கோடி பாக்கி. 2016 மார்ச்சில் மல்லையா நாட்டை விட்டுப் போனது உங்களுக்குத் தெரிந்த செய்தி.

நம் பக்கத்திலும் இதன் சுவடு உண்டு. தொப்பூர் கணவாய் இறங்கிப் போனால் ஓமலூருக்குப் பக்கத்தில் காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம். 1993இல் கட்டியது, பல ஆண்டுகள் புல் முளைத்துக் கிடந்தது. 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் சென்னைக்கு ஓட்டியது, 2011இல் நின்றது. 2018 மார்ச்சில் மத்திய அரசின் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது, அதுவும் சில ஆண்டுகளில் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடி விமானங்கள் வந்தன. ஒரு ஓடுபாதை, எத்தனை கம்பெனிகளின் வரவும் போக்கும்!

கோபிநாத் சும்மா இருக்கவில்லை. சரக்கு விமான கம்பெனி ஒன்று ஆரம்பித்தார், அதுவும் நிலைக்கவில்லை. 2017 டிசம்பரில் ஏர் டெக்கான் என்ற பெயரிலேயே மறுபடி ஒரு சின்ன சேவை தொடங்கியது. 2020இல் கொரோனா ஊரடங்கில் நின்றுபோயிற்று.

அப்படியானால் இது தோல்விக் கதையா? பேத்தி கேட்டது அதைத்தான். ஒரு கம்பெனியாகப் பார்த்தால் தோல்விதான், பூசி மெழுக வேண்டியதில்லை. வேகமாக வளர ஆசைப்பட்டு, அதற்கேற்ற பணமும் ஆளும் இல்லாமல் ஓடியதில் அவர் பங்கும் உண்டு. ஆனால் ஒரு கம்பெனி இருந்த காலத்தை மட்டும் வைத்து அதன் கணக்கை முடிக்க முடியாது. லேக்கர் விழுந்தார், மலிவுக் கட்டணம் விழவில்லை. டெக்கான் விழுந்தது, இண்டிகோ இன்று நாட்டின் மிகப் பெரிய விமான கம்பெனி. ஒரு காலத்தில் சட்டை இஸ்திரி கலையாதவர்கள் மட்டும் இருந்த விமான நிலையத்தில் இன்று கட்டிட வேலைக்குப் போகும் தம்பிகள் கைப்பையோடு வரிசையில் நிற்கிறார்கள்.

இனி என் சொந்தக் கதை. இதற்காகத்தான் இந்தப் பதிவே.

1989 என்று நினைவு. பென்னாகரம் பக்கத்தில் ஒன்பதாம் வகுப்பு. போக்குவரத்துப் பாடம் நடத்தும்போது மேலே விமானம் ஒன்று போனது. ஒரு பையன் எழுந்து, "சார், இதுல டெல்லிக்குப் போக எவ்ளோ சார் ஆகும்?" என்று கேட்டான். அவன் அப்பா மானாவாரியில் நிலக்கடலை போடுபவர் என்று எனக்குத் தெரியும். "டேய், உங்கப்பா மூணு வருஷம் கடலை வித்தாலும் பத்தாது. நீ முதல்ல வீட்டுப்பாடத்தை முடி" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் உட்கார்ந்துவிட்டான். கட்டணம் பற்றி நான் சொன்ன கணக்கு அன்றைக்குச் சரிதான். அதைச் சொன்ன விதம்தான் தவறு. அவன் கேட்டது கட்டணம், நான் சொன்னது அவன் தகுதி.

2006இல் டெல்லியில் மத்திய அரசு வேலையில் இருந்த என் தம்பிக்கு இதய அறுவை சிகிச்சை. எழுபத்து நான்கு வயது அம்மா மகனைப் பார்த்தே ஆக வேண்டும் என்று சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலி, ரயிலில் இரண்டு இரவு தாங்காது. யாரோ சொல்லி, தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். என்னிடம் கிரெடிட் கார்டு இல்லை. கடைக்காரர் தன் கார்டிலேயே ஏர் டெக்கானில் எங்கள் இருவருக்கும் டிக்கெட் போட்டார். வரியெல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு மூவாயிரத்துக்கும் குறைவு. காகிதத்தை நீட்டிவிட்டு மெதுவாகக் கேட்டார்: "சார், என்னை அடையாளம் தெரியலையா? மூணு வருஷக் கடலைக் காசெல்லாம் வேணாம் சார். இப்போ நாலு மூட்டை போதும்."

நான் அந்தச் சம்பவத்தை மறந்தே போயிருந்தேன். பதினேழு ஆண்டுகள் அவர் மறக்கவில்லை. "வருத்தமா சொல்லல சார், சந்தோஷமா சொல்றேன்" என்றார். கமிஷன்கூட வாங்கவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஓசூர் வழியாகப் பெங்களூர் பழைய விமான நிலையத்துக்குப் போனோம். அம்மா புளிச்சோறு கட்டி எடுத்து வந்தார். விமானத்தில் சாப்பாடு தர மாட்டார்கள் என்று நான் சொன்னதும், "நல்லதாப் போச்சு, அவங்க சோறு யாருக்கு வேணும்" என்றார். மேலே போனதும் சன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டவர், "ஏண்டா, நம்ம ஊர்ல மழை பேயலன்னு எல்லாரும் அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. இங்க பாரு, எவ்ளோ மேகம் சும்மா கெடக்குது" என்றார். மத்தியானம் தம்பியின் கட்டிலோரம் உட்கார்ந்து அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டுகளில் அம்மா போய்விட்டார். அவர்கள் இருவரும் நேரில் பார்த்துக்கொண்டது அதுதான் கடைசி.

அந்த விமானத்தில் கம்பெனிக்கு லாபமா நஷ்டமா எனக்குத் தெரியாது. என் வீட்டுக் கணக்கில் அது லாபம். ஏர் டெக்கானைத் தோற்ற கம்பெனி என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தச் சன்னலோர முகம்தான் நினைவுக்கு வரும்.

அந்த மாணவர் இதைப் படிப்பார் என்று தெரியும், என் பதிவுகளுக்கு முதல் ஆளாக விருப்பம் போடுபவர் அவர். தம்பி, 1989இல் உன்னைப் பார்த்துச் சிரித்ததற்கு மன்னித்துக்கொள். 2006இல் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எல்லார் முன்னிலையிலும் சொல்கிறேன், ஏனென்றால் அன்றும் எல்லார் முன்னிலையில்தான் சிரித்தேன்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் பிள்ளையாவது "எவ்ளோ சார் ஆகும்?" என்று கேட்டால், தொகையை மட்டும் சொல்லுங்கள். மீதியைக் காலம் பார்த்துக்கொள்ளும்.

நீங்கள் முதன்முதலில் விமானம் ஏறியது எப்போது, யாரோடு, எதற்காக என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் பேத்திக்குப் படித்துக் காட்டுகிறேன்.

வாழ்க வளமுடன்.